19 வெல்டிங்குகள் போன பிறகு

2024 மே 9ஆம் தேதி, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ வளாகத்தில் ஒரு ராக்கெட் எஞ்சின் 665 விநாடிகள் இடைவிடாமல் எரிந்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலையில், செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் எஞ்சின் அது. பல ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருக்கும் எஞ்சின்தான். இந்த முறை செய்த விதம்தான் வேறு. உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி வளர்க்கும் 3டி பிரிண்டிங்கில் அதை உருவாக்கியிருந்தார்கள். 14 பாகங்கள் ஒன்றாகிவிட்டன, 19 வெல்டிங் இணைப்புகள் தேவையற்றுப் போயின, 565 கிலோ உலோகம் கேட்ட வேலை 13.7 கிலோ தூளில் முடிந்தது, தயாரிப்பு நேரத்தில் 60 சதவீதம் மிச்சம் என்று இஸ்ரோ அறிவித்தது. அதே மே மாதம் 30ஆம் தேதி, சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனம், ஒரே துண்டாக அச்சடித்த எஞ்சினுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் ராக்கெட்டை ஏவியது. இண்டிகோவின் ஏர்பஸ் விமானங்கள் பலவற்றில் இருக்கும் லீப் எஞ்சினில் எரிபொருளைப் பீய்ச்சும் நாசில் முனையும் இப்படி அச்சடித்ததுதான். முன்பு சுமார் 20 துண்டுகளைச் சேர்த்துச் செய்ததை இப்போது ஒரே துண்டாக எடுக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் நகரில் உள்ள ஆலை 2021க்குள் அப்படி ஒரு லட்சம் நாசில்களை அனுப்பிவிட்டது. மேஜை மேல் வைத்து பிள்ளையார் பொம்மை அச்சடிக்கும் இயந்திரம் என்று இதை இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள், அடுத்த விமானப் பயணத்தில் தங்கள் உயிரை அதனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உட்காரப்போகிறார்கள்.

காணாமல் போன அந்த 19 வெல்டிங்குகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எந்த எஞ்சினியரைக் கேட்டாலும் இணைப்புதான் பலவீனமான இடம், அது ஒழிந்தது நல்லது என்பார். சரிதான். ஆனால் பலவீனமான இடம் என்பதாலேயே ஒவ்வொரு வெல்டிங்கும் ஒரு சோதனைச் சாவடியாகவும் இருந்தது. இணைக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் அளந்தார்கள்; இணைத்த பின் எக்ஸ்ரே எடுத்தார்கள்; வெல்டரின் பெயரும் பரிசோதகரின் கையெழுத்தும் காகிதத்தில் ஏறின. ஒரு துண்டில் கோளாறு என்றால் அதை மட்டும் ஒதுக்க முடிந்தது. எல்லாம் ஒரே துண்டாகும்போது, இடையில் நிறுத்திப் பார்க்கும் சந்தர்ப்பங்களும் குறைகின்றன. தூள் ஒரு முனையில் உள்ளே போகிறது, முழுப் பாகம் மறுமுனையில் வெளியே வருகிறது. நடுவில் நடந்ததற்குச் சாட்சி ஒரு கம்ப்யூட்டர் கோப்பும், அந்த இயந்திரமே எழுதி வைத்த பதிவுகளும்தான். 3டி பிரிண்டிங்கின் பாதுகாப்புச் சிக்கல் முழுவதும் இந்த மாற்றத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் வாதம். பலரும் நினைப்பதுபோல இது துப்பாக்கிப் பிரச்சினையும் அல்ல, டிசைன் திருட்டுப் பிரச்சினையும் அல்ல.

துப்பாக்கியை முதலில் முடித்துவிடலாம். 2013இல் அமெரிக்காவில் ‘லிபரேட்டர்’ என்ற பிளாஸ்டிக் கைத்துப்பாக்கியின் கோப்பு இணையத்தில் வெளியானது. அமெரிக்க வெளியுறவுத் துறை தலையிட்டு அதை இறக்கச் செய்வதற்குள், இரண்டே நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் பதிவிறக்கிவிட்டார்கள். போலீசுக்கு அது பெரிய தலைவலி, சந்தேகமில்லை. ஆனால் அங்கே இயந்திரம் சொன்னதைத்தான் செய்தது. என்ன அச்சாகிறது என்பது அச்சடித்தவருக்குத் தெரியும். டிசைன் திருட்டும் அப்படித்தான். 2016இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள், 3டி பிரிண்டர் இயங்கும்போது எழும் சத்தத்தைப் பதிவுசெய்து, அந்த ஒலியிலிருந்தே ஒரு சாவியின் வடிவத்தை சுமார் 90 சதவீதத் துல்லியத்துடன் மீட்டெடுத்துக் காட்டினார்கள். மோட்டார் எந்தத் திசையில் நகர்கிறதோ அதற்கேற்ப அதன் ஒலி மாறும் என்பதே சூட்சுமம். வியக்கத்தக்க வேலைதான். ஆனாலும் டிசைன் திருடு போனால் கம்பெனியின் லாபம் குறையும். பாகம் பாகமாகவே இருக்கும். அச்சடித்தவர், வாங்கியவர், பொருத்தியவர் மூவருமே நல்ல பாகம் என்று நம்பும் ஒன்று உள்ளே கெட்டுக் கிடப்பதுதான் பெரிய ஆபத்து.

அது எப்படி நடக்கும் என்று புரிய, டிசைனருக்கும் பிரிண்டருக்கும் நடுவில் பயணம் செய்யும் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். மிகப் பரவலாகப் புழங்குவது எஸ்.டி.எல். என்ற வகை. 1980களில், முதல் 3டி பிரிண்டர்களை விற்ற 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்காக உருவானது. ஒரு பொருளின் மேற்பரப்பை ஆயிரக்கணக்கான குட்டி முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று முனைகள், ஒவ்வொரு முனைக்கும் மூன்று எண்கள் என்று வரிசையாக எழுதி வைக்கும், அவ்வளவுதான். என்ன உலோகம், எந்தத் திசையில் நிறுத்தி அச்சடிக்க வேண்டும், யார் வரைந்தது, கடைசியாக யார் கை வைத்தது எதுவும் அதில் இல்லை. அந்தப் பொருளுக்கு உள்ளே, யாருக்கும் தெரியாத ஓர் ஓட்டை வேண்டுமா? உட்புறம் பார்த்துத் திரும்பிய சில முக்கோணங்களைச் சேர்த்துவிட்டால் போதும். லட்சம் வரி எண்களுக்கு நடுவே சில டஜன் வரிகள் கூடியிருப்பதை எந்தக் கண்ணும் பிடிக்காது. திரையில் சுழற்றிப் பார்த்தாலும் வெளித்தோற்றம் அச்சு அசலாக அப்படியே இருக்கும். இந்தக் கோப்பைத்தான் ‘ஸ்லைசர்’ என்ற மென்பொருள் கிடைமட்டமாகச் சீவி, அடுக்கு அடுக்காக இயந்திரத்துக்கான கட்டளைகளாக்குகிறது. உலோக அச்சில் ஓர் அடுக்கின் தடிமன் 30 முதல் 60 மைக்ரான் வரை இருக்கும். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள பாகம் என்றால், 40 மைக்ரான் கணக்கில் 2,500 அடுக்குகள். நடுவில் எங்கோ இரண்டு மூன்று அடுக்குகளில் லேசரின் சக்தி சற்றுக் குறைந்தால், அங்கே தூள் முழுதாக உருகி ஒட்டாது. மேலே வரும் அடுக்குகள் அதை மூடிவிடும்.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2014ஆம் ஆண்டே இதைச் சோதித்தார்கள். இழுவிசைச் சோதனைக்கான மாதிரித் துண்டுகளின் எஸ்.டி.எல். கோப்பில் கண்ணுக்குத் தெரியாத குழி ஒன்றைச் செருகினார்கள். அச்சான துண்டு தாங்கும் சுமை சராசரியாக 14 சதவீதம் குறைந்தது. உடைவதற்கு முன் நீளும் அளவோ ஏறக்குறைய பாதியானது. இரண்டு ஆண்டு கழித்து, இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் தெற்கு அலபாமா பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம் மூன்றின் ஆய்வாளர்களும் சேர்ந்து, தாக்குதலைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திக் காட்டினார்கள். பிரிண்டரோடு இணைந்த கம்ப்யூட்டரின் உரிமையாளருக்குப் போலி மின்னஞ்சல் ஒன்று போனது. அதிலிருந்த சுருக்கக் கோப்பைத் திறந்ததும் கம்ப்யூட்டரின் கட்டுப்பாடு அவர்கள் கைக்கு வந்தது. ட்ரோனின் சுழலும் இறக்கையின் டிசைன் கோப்பைத் தேடியெடுத்து, இறக்கை நடுக்குமிழோடு சேரும் இடத்தில் உள்ளுக்குள் சிறு இடைவெளிகளை வைத்து, பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார்கள். அச்சாகி வந்த இறக்கையைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. பொருத்தினார்கள், ட்ரோன் ஒழுங்காக மேலெழும்பியது, பறந்தது. இரண்டு நிமிடத்துக்குள் இறக்கை முறிந்து, உயரத்திலிருந்து விழுந்து நொறுங்கியது. பொருத்தியவுடனே முறியவில்லை என்பதுதான் இதில் முக்கியம். உடனே முறிந்தால் தரப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பரிசோதனையைத் தாண்டி, வேலைக்குப் போன பிறகு முறியும் அளவுக்கு அளந்து பலவீனப்படுத்தியிருந்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் சி.என்.சி. இயந்திரங்கள் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் பல்லாண்டுகளாக ஓடுகின்றன. அவற்றின் கோப்பையும் மாற்றலாமே, இதில் மட்டும் என்ன புதுசு? மாற்றலாம். ஆனால் சி.என்.சி.யில் போடும் இரும்புக் கட்டி, உலோக ஆலையிலேயே சோதனை முடித்துச் சான்றிதழோடு வருகிறது. அதன் உள்ளுறுதி ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இயந்திரம் தீர்மானிப்பது வடிவத்தை மட்டும். வடிவத்தை அளவுகோலால் அளந்துவிடலாம். 3டி பிரிண்டிங்கில் வடிவமும் உலோகமும் ஒரே நொடியில், ஒரே கட்டளையால் பிறக்கின்றன. லேசரின் வேகம், சக்தி, கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி, பாகத்தை நிறுத்தும் திசை ஆகியவைதான் அந்த உலோகம் எவ்வளவு உறுதி என்பதைத் தீர்மானிக்கின்றன. வெர்னியர் காலிப்பர் வைத்து இதை அளக்க முடியாது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டாண்டன் பொறியியல் பள்ளியைச் சேர்ந்தவர்கள், இயந்திரம் ஆன் ஆகும்போது முதலில் விழிக்கும் குட்டி நிரலுக்குள்ளேயே கள்ள நிரலை ஒளித்துவைத்து, டிசைன் கோப்பைத் தொடாமலே பாகத்தின் உறுதியைப் பாதி வரை குறைக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். அந்த நிலையில் கோப்பை எத்தனை முறை சரிபார்த்தாலும் குற்றம் அகப்படாது.

சரி, அச்சான பாகத்தை சி.டி. ஸ்கேன் எடுத்தால்? ஆலைகளில் எடுக்கிறார்கள்தான். ஆனால் பாகம் பெரிதாக ஆக ஸ்கேனின் நுணுக்கம் குறையும். கனமான உலோகக் கலவைகளுக்குள் எக்ஸ்ரே ஆழமாக ஊடுருவாது. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே காகிதம் போலத் தட்டையாக ஒட்டாமல் கிடக்கும் பரப்பைக் கண்டுபிடிப்பது உருண்டைக் குழியைக் கண்டுபிடிப்பதைவிட வெகு கடினம். நேரமும் பணமும் தனி. இவற்றையெல்லாம்விட அடிப்படையான குறை ஒன்று உண்டு. இன்றைய தரப் பரிசோதனை முழுவதும் தற்செயலான பிழைகளுக்காக வகுத்தது. தூளில் ஈரம், லென்ஸில் தூசி, வெப்பத்தில் நெளிவு போன்ற பிழைகள் எங்கு வேண்டுமானாலும், அனுபவம் சொல்லும் விகிதத்தில் வரும். எனவே நூற்றுக்கு இத்தனை என்று எடுத்துச் சோதித்தால் போதும் என்ற கணக்கு அங்கே செல்லுபடியாகிறது. வேண்டுமென்றே வைக்கும் பிழை அப்படி வராது. எந்த இடத்தை ஸ்கேன் பார்க்காது, எந்த மாதிரித் துண்டை உடைத்துப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, பார்க்காத இடத்தில் போய் உட்காரும். காற்றுக்குத் திறக்காதிருக்கத் தாழ்ப்பாள் போதும். திருடனுக்குப் பூட்டுதான் வேண்டும். நம் ஆலைகளில் இருப்பவை மிகத் தரமான தாழ்ப்பாள்கள்.

‘இதெல்லாம் பல்கலைக்கழகச் சோதனைகள், இப்படிக் கெடுக்கப்பட்ட பாகத்தால் எங்காவது விபத்து நடந்ததாகப் பகிரங்கமாகத் தெரியுமா?’ என்பது அடுத்த ஆட்சேபம், இருப்பதிலேயே வலுவானதும் இதுதான். அப்படி நிரூபணமான விபத்து எதுவும் வெளியே தெரிந்ததில்லை என்பதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும். ஆனால் ஒரு பாகம் முறிந்தால் விசாரணை என்ன எழுதும்? ‘உற்பத்திக் குறைபாடு’ என்றுதான். தூளின் தரத்தைப் பார்ப்பார்கள், வெப்பப் பதத்தைப் பார்ப்பார்கள். கோப்பை யாரோ மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் கடைசியில் வந்தால் உண்டு. ஈரானின் நடான்ஸ் யுரேனிய ஆலையில் நடந்தது இதற்கு நல்ல பாடம். ஸ்டக்ஸ்நெட் வைரஸ் அங்கே சுழல் இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கெடுத்துக்கொண்டிருந்தபோது, கட்டுப்பாட்டு அறைத் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டியது. சுமார் 1,000 இயந்திரங்களை அவர்கள் கழற்றிப்போட வேண்டியிருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். 2010இல் அந்த வைரஸ் வெளியே பரவி, பெலாரஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் கண்ணில் பட்டிருக்காவிட்டால், அந்தக் கோளாறுகள் இன்னும் எத்தனை காலம் தரக்குறைவின் கணக்கில் எழுதப்பட்டிருக்குமோ. இயந்திரங்களை இணையத்தோடு இணைக்காமல் வைத்தால் போதும் என்பவர்களுக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. நடான்ஸ் ஆலை இணையத்தோடு இணைந்திருக்கவில்லை, யு.எஸ்.பி. டிரைவ் வழியாக நோய் உள்ளே போனது. உலோகப் பிரிண்டர்களுக்கும் கோப்பு அப்படிப் போவதுண்டு; சர்வீஸ் செய்ய வருபவரின் லேப்டாப்பும் உண்டு.

அமெரிக்க ராணுவமாவது இதில் விழிப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கை அதிகாரி 2021 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொன்னது. ராணுவத்தின் 3டி பிரிண்டிங் கூடங்கள் சிலவற்றைப் பார்வையிட்டதில், பிரிண்டர்களை இயக்கிய 46 கம்ப்யூட்டர்களில் 35இல் அப்போதைய விண்டோஸ் 10 ஏறியிருக்கவில்லை. காரணம் அலட்சியம் மட்டுமல்ல. பொறுப்பில் இருந்தவர்கள் பிரிண்டரை ஒரு ‘கருவி’யாகத்தான் பார்த்தார்கள், கம்ப்யூட்டர் பாதுகாப்பு விதிகள் டிரில்லிங் மெஷினுக்குப் பொருந்தாததுபோல இதற்கும் பொருந்தாது என்று எண்ணிக்கொண்டார்கள். பிரச்சினையின் வேர் இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது, அது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஐ.டி. துறைக்காரர் இயந்திரக் கூடத்துக்குள் வருவதில்லை, தரப் பரிசோதகர் கோப்பைத் திறப்பதில்லை. இருவருக்கும் நடுவில் இருக்கும் இடம் யார் பொறுப்பிலும் இல்லை.

வீட்டு பிரிண்டர்கள் இதைவிடத் திறந்து கிடக்கின்றன. 2018இல், அவற்றைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆக்டோபிரின்ட் மென்பொருள் கடவுச்சொல் கேட்காமலே 3,700க்கும் மேற்பட்ட இடங்களில் இணையத்தில் நின்றுகொண்டிருந்தது தெரியவந்தது. 2023 ஆகஸ்டில் பாம்பு லேப் நிறுவனத்தின் மேகக் கணினிக் கோளாறால், சிலர் வீட்டில் ஆள் தூங்கும்போதே பிரிண்டர்கள் தாமாக இயங்கி, முடித்து வைத்த பொருளின் மேலேயே மறுபடி அச்சடித்தன. 2024 பிப்ரவரியில் எனிக்யூபிக் பிரிண்டர் வைத்திருந்த பலர், தாங்கள் போடாத கோப்பு ஒன்று திரையில் இருப்பதைக் கண்டார்கள். ‘உங்கள் இயந்திரத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது, இணையத்திலிருந்து துண்டியுங்கள்’ என்று யாரோ ஒரு ஹேக்கர் எழுதி அனுப்பிய எச்சரிக்கை அது. 29 லட்சத்துக்கும் அதிகமான இயந்திரங்களுக்குப் போனதாக அந்தக் கோப்பே சொல்லிக்கொண்டது. நல்ல மனசுக்காரர். அதே வழியில் சூடேற்றும் முனையின் வெப்ப வரம்பைத் தளர்த்தும் கட்டளையும் போயிருக்கலாம். உலோகத் தூள் கூடங்களில் இது இன்னும் விபரீதமாகும். டைட்டானியம், அலுமினியத் தூள்கள் எளிதில் பற்றி வெடிப்பவை. அதற்காகவே ஆர்கான் வாயுவை நிரப்பி, ஆக்சிஜன் அளவைக் கண்காணித்துக்கொண்டு அச்சடிக்கிறார்கள். அந்த அளவைக் காட்டும் சென்சாரின் எண்ணும் ஒரு மென்பொருள் வழியாகத்தான் திரைக்கு வருகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு 3டி பிரிண்டிங்கே வேண்டாம் என்று யாராவது முடிவுகட்டினால் அது தவறு. 565 கிலோவை 13.7 கிலோவாக்கும் முறையை யாரும் கைவிடப்போவதில்லை, கைவிடவும் கூடாது. கேள்வி, பாதுகாப்பை யார் தலையில் வைப்பது என்பதுதான். ஐ.டி. துறையிடம் விட்டால் ஃபயர்வால் வாங்குவார்கள், கடவுச்சொல்லை மாதாமாதம் மாற்றச் சொல்வார்கள். அவையும் வேண்டியவைதான், ஆனால் கெட்டுப்போன பாகம் வெளியே போவதைத் தடுக்காது. இது தரப் பரிசோதனையின் வேலையாக வேண்டும். பாகம் நல்லதா என்ற கேள்விக்குள்ளேயே, அது பிறந்த கோப்பு நல்லதா என்ற கேள்வியும் அடங்க வேண்டும். அதற்கான வழிகளும் ஆய்வுக்கூடங்களில் உருவாகிவருகின்றன. ஜார்ஜியா டெக், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2017இல் காட்டிய வழி எனக்குப் பிடித்தது. இர்வைன்காரர்கள் டிசைனைத் திருடப் பயன்படுத்திய அதே சத்தத்தை இவர்கள் காவலுக்கு வைத்தார்கள். நல்ல பாகம் அச்சாகும்போது எழுந்த ஒலியைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, அடுத்து அச்சாகும் ஒவ்வொன்றின் ஒலியையும் அதோடு ஒப்பிட்டார்கள். உள்நிரப்பில் கள்ளத்தனம் இருந்தால் மோட்டாரின் ஓட்டம் மாறும், ஒலியும் மாறும். கூடவே இயந்திரத்தின் அசைவைத் தனி சென்சாரால் அளந்தார்கள். பிரிண்டரின் கம்ப்யூட்டரோடு இந்த மைக்கும் சென்சாரும் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்வதில்லை என்பதுதான் இதன் பலம். வெல்டிங் போனபோது இழந்த தனிச் சாட்சி இப்படி வேறு வடிவில் திரும்பி வருகிறது.

‘ராக்கெட் செய்பவர்களுக்குச் சரி, இரண்டு பிரிண்டர் வைத்துப் பல் கட்டும் லேபுக்கும், மோல்டு செய்து தரும் பட்டறைக்கும் இதெல்லாம் கட்டுப்படியாகுமா?’ என்று கேட்பார்கள். எல்லாம் ஆகாது. ஆனால் செலவே இல்லாத சில காரியங்கள் உண்டு. டிசைனர் கோப்பை அனுப்பும்போதே அதன் ‘ஹேஷ்’ எண்ணை, அதாவது கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் மாறிவிடும் கணித முத்திரையை, வேறு வழியில் அனுப்பலாம். அச்சடிப்பவர் ஒரு நிமிடத்தில் ஒத்துப் பார்த்துவிடலாம். ஸ்லைசர் தரும் கட்டளைக் கோப்பை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கம்ப்யூட்டர்களில் எடுத்து ஒப்பிடலாம். உடைத்துச் சோதிக்கும் மாதிரித் துண்டை அச்சுத் தட்டில் எப்போதும் ஒரே மூலையில் வைக்காமல், அச்சடிக்கும் அன்றைக்குச் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றலாம். பாகத்தை எடை போடலாம். உள்ளே குழி பெரிதாக இருந்தால் தராசே சொல்லிவிடும். இவற்றில் எதுவும் நியூயார்க்காரர்கள் காட்டிய கள்ள நிரலை நிச்சயமாகப் பிடித்துவிடாது. சாதாரணக் கெட்டிக்காரனைப் பிடிக்கும், அதுவே பெரிய லாபம்.

பட்டறைகள் தாமாக இதைச் செய்யாது, வாங்குபவர் கேட்டால்தான் செய்யும். மத்திய மின்னணு அமைச்சகம் 2022 பிப்ரவரியில் 3டி பிரிண்டிங்குக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளில் உலகச் சந்தையில் 5 சதவீதம், 100 புதிய நிறுவனங்கள், 500 புதிய பொருட்கள் என்று இலக்குகளை வைத்தது. அந்தப் பொருட்களில் விமானப் பாகம் எது, எலும்புக்குள் வைக்கும் உலோகம் எது, வீட்டு அலங்காரம் எது என்று பிரித்து, முதல் இரண்டுக்கும் டெண்டரிலேயே நிபந்தனை வைப்பது கடினமான காரியமல்ல. இன்று அச்சடித்த பாகத்தோடு வரும் சான்றிதழில் தூளின் லாட் எண், அதன் ரசாயனக் கலவை, வெப்பப் பதம் செய்த அடுப்பின் வரைபடம் எல்லாம் இருக்கின்றன. கோப்பின் ஹேஷ் எண், ஸ்லைசர் மென்பொருளின் பதிப்பு, இயந்திரத்தின் உள்நிரல் பதிப்பு, இவற்றைச் சரிபார்த்தவரின் கையெழுத்து என்று நான்கு வரிகளை அதே தாளில் சேர்க்கச் சொல்லலாம்.